நோட்டுக் கணக்கும் தள்ளுபடி பில்லும்: ஆம்பூர், வேலூர் வீடுகளுக்கு எது லாபம்?

பெரிய தள்ளுபடிக் கடையில் கொடுக்கும் பில்லின் அடியில் ஒரு வரி அச்சாகியிருக்கும். 'இன்று நீங்கள் சேமித்தது' என்று போட்டு, பக்கத்தில் ஒரு தொகை. மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே நம் கண் அந்த வரிக்குத்தான் போகும். 3,800 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, 640 ரூபாய் மிச்சம் என்று அச்சாகியிருந்தால், திரும்பி வரும் பஸ்ஸில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கனம் தெரியாது.

தெருமுனை மளிகைக் கடையில் இந்த வரி கிடையாது. பாதிக் கடைகளில் பில்லே கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஓரம் மடங்கிப்போன ஒரு நீள நோட்டு இருக்கும். "பாய், எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அரை லிட்டர் எண்ணெயையும் கால் கிலோ பருப்பையும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அந்த நோட்டில் சேமிப்பு என்று எதுவும் இல்லை. 'பாக்கி' மட்டும்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று, தோலையும் ஷூவையும் நம்பி வாழும் ஊர்களில் பல வீடுகள் இன்று இந்த பில்லுக்கும் அந்த நோட்டுக்கும் நடுவில்தான் மாதத்தை ஓட்டுகின்றன. 2019 வரை இவை எல்லாமே ஒரே வேலூர் மாவட்டம். இப்போது மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், பெரிய கடை, பெரிய ஆஸ்பத்திரி என்றால் இன்னமும் வேலூருக்குத்தான் பஸ் ஏறுகிறோம். அப்படி ஏறிப் போய் வாங்குவது லாபமா? பில்லின் கடைசி வரியை மட்டும் பார்த்தால் லாபம்தான். முழுக் கணக்கையும் போட்டால் வீட்டுக்கு வீடு பதில் மாறுகிறது.

அங்கே மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது?

பெரிய கடைக்காரர் நமக்காக நஷ்டப்படுகிறார் என்று யாரும் உருக வேண்டாம். டி-மார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராதாகிஷன் தமானி மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்தது 2002-ல். 2025 மார்ச் கணக்குப்படி நாடு முழுக்க 415 கடைகள். வாடகை இடத்தைக் கூடியவரை தவிர்த்து, இடத்தைச் சொந்தமாக வாங்கிக் கடை கட்டுவது அவர்கள் வழக்கம். சரக்கு அனுப்பிய கம்பெனிக்குப் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்காமல் சீக்கிரமே கொடுத்துவிடுவார்கள். கையில் காசு வருகிறது என்றால் கம்பெனியும் விலையில் இறங்கி வரும். அலங்காரம் குறைவு. வேகமாக விற்கும் சாமான்தான் ரேக்கில் இருக்கும். ஒரு பாக்கெட்டில் வரும் லாபம் சின்னதுதான். ஆனால் அந்த ரேக் எத்தனை தடவை காலியாகி நிரம்புகிறது என்பதில் இருக்கிறது விஷயம். அமெரிக்காவில் சாம் வால்டன் 1962-ல் ரோஜர்ஸ் என்ற சின்ன ஊரில் முதல் வால்மார்ட் கடையைத் திறந்தபோது கையில் வைத்திருந்ததும் கிட்டத்தட்ட இதே வித்தைதான்.

நம் தெருமுனைக் கடைக்காரர் நிலைமை வேறு. ஏஜென்ட் அவருக்குக் கொடுக்கும் விலையே சில சாமான்களில் பெரிய கடையின் விற்பனை விலையாக இருக்கிறது. அவர் எங்கிருந்து குறைப்பார்?

2012-ல் மத்திய அரசு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்கு அனுமதி கொடுத்தபோது, அன்றைய முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாட்டில் அதை அனுமதிக்க மாட்டோம் என்று சொன்னதும், வணிகர் சங்கங்கள் தெருவில் இறங்கியதும் நினைவிருக்கலாம். அன்று எல்லோரும் பயந்தது வெளிநாட்டுக் கடைக்கு. வந்து சேர்ந்தது பெரும்பாலும் உள்நாட்டுக் கடைகள்.

உள்நாட்டுத் தள்ளுபடிக் கடைக்கு நம்மிடமே ஒரு பழைய உதாரணம் உண்டு: சுபிக்ஷா. 1997-ல் சென்னை திருவான்மியூரில் தொடங்கி, மளிகை, காய்கறி, மருந்து, செல்போன் என்று விரிந்து, பத்துப் பன்னிரண்டு வருடங்களில் நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள். 2009 தொடக்கத்தில் பணம் புரளாமல் மொத்தமும் இழுத்து மூடப்பட்டது. 'இங்கேதான் சீப்' என்று பழகிப்போன வாடிக்கையாளர்கள் மறுபடி பழைய கடைப் படியேறினார்கள். அந்தப் பழைய கடை அதற்குள் மூடாமல் இருந்த தெருவில்தான் அதுவும் முடிந்திருக்கும்.

எதோடு ஒப்பிட்டுத் தள்ளுபடி?

பில்லில் அச்சாகும் 'மிச்சம்' எம்.ஆர்.பி-யிலிருந்து கழித்துப் போட்டது. எம்.ஆர்.பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச விலை. அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. உங்கள் தெருக் கடையில் துவரம் பருப்பைச் சாக்கிலிருந்து அள்ளி எடை போடுகிறார்கள். அதில் எம்.ஆர்.பி ஏது? பெரிய கடையில் அதே பருப்பு, கடையின் சொந்த பாக்கெட்டில், 'எம்.ஆர்.பி இவ்வளவு, எங்கள் விலை இவ்வளவு' என்று நிற்கிறது. அந்த வித்தியாசத்தை மிச்சம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. தெருக் கடையில் நேற்று என்ன விலைக்கு வாங்கினோமோ அதோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் 640 என்று அச்சான இடத்தில் முன்னூறோ நானூறோதான் நிற்கும். அதுவும் சும்மா கிடைக்கும் காசு இல்லைதான். ஆனால் 640 இல்லை.

இன்னொரு சங்கதி. 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு எந்தக் கடையில் வாங்கினாலும் நமக்கு வந்து சேர வேண்டியது. அதையும் சேர்த்து 'ஆஃபர்' என்று போர்டு வைத்தால் நாம் ஏன் கை தட்ட வேண்டும்?

பாக்கெட்டில் எம்.ஆர்.பி-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கிராமுக்கு இவ்வளவு, ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று இப்போது அச்சிடுகிறார்கள். சட்டப்படி அச்சிட்டே ஆக வேண்டும். வாங்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்பது எல்லா நேரமும் சரியில்லை. ஷாம்புவில் பல பிராண்டுகளுக்கு பாட்டிலைவிடச் சின்ன சாஷேதான் மில்லிக்கு மலிவு. இந்தச் சாஷே யோசனையே நம் ஊர்ச் சரக்குதான். கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்புவில் ஆரம்பித்த கதை அது. அன்றாடக் கூலி வாங்குபவர்களும் ஷாம்பு போட வேண்டும் என்று பிறந்த பொட்டலம், இன்று மாதச் சம்பளக்காரருக்கும் லாபமாக இருக்கிறது. தள்ளுபடிக் கடையில் கண்ணுக்கு நேரே நிற்பது என்னவோ லிட்டர் பாட்டில்தான்.

சில சாமான்களுக்குப் பெரிய கடையும் வேண்டாம், சின்ன கடையும் வேண்டாம். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தத் தள்ளுபடியாலும் அந்த விலையைத் தொட முடியாது. அரிசி இலவசம். ரேஷன் பருப்பு வேக நேரமாகும் என்று முகம் சுளித்துவிட்டு வேலூருக்கு பஸ் ஏறுகிறவர்களை என்ன சொல்ல? காய்கறியும் அப்படித்தான். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதைத் தேடுகிறவர்கள் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கும் உழவர் சந்தைக்கும்தான் போக வேண்டும். பிளாஸ்டிக் உறை சுற்றி ஏ.சி-யில் அடுக்கி வைத்த கத்திரிக்காயில் அந்த முள்ளையும் எதிர்பார்க்க முடியாது, ருசியையும் எதிர்பார்க்க முடியாது.

பஸ் டிக்கெட்டையும் சேர்த்துப் போடுங்கள்

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். தெருக் கடையில் 4,000 ரூபாய் ஆகும் மாத மளிகை, பெரிய கடையில் 3,600-க்கு முடிகிறது. மிச்சம் 400.

வேலூரிலேயே இருப்பவர் என்றால், பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. 400-ம் முழுசாகக் கையில். வருஷத்துக்கு 4,800 ரூபாய். பிள்ளைகளின் நோட்டு, பை, யூனிஃபார்ம் தையல்கூலி என்று ஜூன் மாதச் செலவில் ஒரு பகுதியை அது தாங்கும். இதைச் சாதாரணம் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை.

ஆம்பூரிலிருந்து வருகிறவருக்கு இதே கணக்கு இல்லை. ஐம்பது கிலோமீட்டர். வெளியூர் பஸ்ஸில் இலவசம் கிடையாது. கணவனும் மனைவியுமாகப் போய், ஷேர் ஆட்டோ பிடித்து, திரும்பி வந்தால் 200 ரூபாய் போய்விடும். பிள்ளையும் கூட வந்தால் பில் போடும் இடத்தில், அவன் கைக்கு எட்டும் உயரத்தில், சாக்லேட் இருக்கும். அது அங்கே தற்செயலாக வைத்தது இல்லை. அரிசியும் பருப்பும் கடைசிக் கோடியில் இருப்பதும் தற்செயல் இல்லை. அதற்குப் போகும் வழியில் பிளாஸ்டிக் டப்பா, டீ-ஷர்ட், 'ஒன்று வாங்கினால் ஒன்று' பிஸ்கட் எல்லாவற்றையும் கடந்துதானே போக வேண்டும். லிஸ்ட்டில் இல்லாத சாமான் 300 ரூபாய்க்குக் கூடையில் விழுந்தால், வீட்டிலிருந்து கிளம்பாமலே இருந்திருக்கலாம்.

லிஸ்ட் எழுதிக்கொண்டு, ஒரே ஆள், ஆஸ்பத்திரிக்கோ உறவினர் வீட்டுக்கோ வேலூர் போகிற அன்று சேர்த்து வாங்கினால்தான் ஆம்பூர்க்காரருக்கு இது கட்டுப்படியாகும். மஞ்சப்பையைக் கையோடு கொண்டு போங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் பில் போடும்போது பைக்குக் காசு சேர்ப்பது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் பிக் பஜார் வழக்கில் சொல்லிவிட்டது. அதற்காகப் பத்து ரூபாய்க்கு கவுன்டரில் நின்று சட்டம் பேச நமக்கு நேரமிருக்கிறதா?

ஆர்டர் இல்லாத மாதம்

இதுவரை போட்ட கணக்கில் ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டோம். மாத ஆரம்பத்தில் 3,600 ரூபாய் மொத்தமாகக் கையில் இருக்கும் என்பதை.

ஷூ கம்பெனியில் நிரந்தர வேலை, பேங்கில் சம்பளம் என்றால் சரி. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் மாத நடுவில் வந்துவிடும். ஆனால் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து 'அப்பர்' தைக்கிறார்கள். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் ஊசி போட்டுத் தைக்கும் வேலை. ஏஜென்ட் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எடுத்துக்கொண்டு போவார். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று. மூட்டை வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. டேனரியில் தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டிலும் இதே நிலைதான்.

மூட்டை வராததற்குக் காரணம் ஆம்பூரில் இருக்காது. 2020 மார்ச் ஊரடங்கின்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடின, ஆர்டர்கள் ரத்தாகின. 2025 ஆகஸ்ட் 27-லிருந்து இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது தோல், காலணித் தொழிலும் அதில் மாட்டிக்கொண்டது. வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டால் பேரணாம்பட்டு அடுப்பில் தெரிகிறது.

அப்படிப்பட்ட மாதத்தில் தள்ளுபடிக் கடை ரேக்கில் என்ன விலை இருந்து என்ன? பில் கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் "அடுத்த சனிக்கிழமை தர்றேன்மா" என்று சொல்ல முடியுமா? அவருக்கு நம் முகம் தெரியாது. கம்ப்யூட்டருக்குக் கடன் என்ற பட்டனே கிடையாது. தெருக் கடைக்காரருக்கு நம் வீட்டுக்காரர் எந்தக் கம்பெனி, எப்போது சம்பளம், போன தடவை எப்படி அடைத்தோம் என்பதெல்லாம் தெரியும். "இருக்கட்டும்மா, எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார். அவர் விற்பது பருப்பு மட்டுமில்லை, பதினைந்து நாள் அவகாசமும் சேர்த்து. பாக்கெட்டுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் நாலு ரூபாய், ஐந்து ரூபாயில் அதன் விலையும் அடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த அவகாசம் கிடைக்காத வீடு என்ன செய்யும்? நகை அடகுக் கடை. அல்லது குழுக் கடன். தவணை வாங்க வீட்டு வாசலில் வந்து உட்காருகிறவர்களின் தொல்லை தாங்காமல்தான், கட்டாயப்படுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்த வட்டியோடு ஒப்பிட்டால் மளிகைக் கடை நோட்டு எவ்வளவோ மேல்.

நோட்டைப் பற்றி ரொம்பவும் உருகிவிடவும் கூடாது. கடன் வைத்திருப்பவர் விலை பேச முடியாது. வண்டு விழுந்த ரவையைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வர வேண்டும். நோட்டில் எழுதுவது அவர் கை. நாம் எழுதி வைத்துக்கொள்வதில்லை. மாதக் கடைசியில் "இது எப்போ வாங்கினோம்?" என்று கேட்டால் முகம் மாறும். நாலு பேர் நிற்கும்போது "பழைய பாக்கி என்னாச்சு?" என்று சத்தமாகக் கேட்கும் கடைக்காரரும் உண்டு. அப்படிக் கேட்கப்பட்ட பெண் ஒரு தடவை ஏ.சி கடைக்குள் போய், யாரும் எதுவும் கேட்காமல், தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு, பொருளைக் கையில் எடுத்துத் தேதியைப் படித்து, வேண்டாம் என்றால் திருப்பி வைத்துவிட்டு வரும்போது, அவர் அனுபவிப்பது வெறும் விலைக் குறைப்பு மட்டும்தானா? அந்த மரியாதையைத் தெருக் கடைகள் கற்றுக்கொள்ளவில்லை என்றால், கடன் கொடுப்பதை மட்டும் வைத்து அவர்களால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

குறைந்த விலையை யார் தாங்குகிறார்கள்?

பெரிய கடையில் ரேக்குக்கு நடுவில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-ல் வந்தபோதுதான் பலருக்கு அந்த நிற்கும் கால்கள் கண்ணில் பட்டன. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. அடுத்த தடவை போகும்போது ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

நம் ஊரில் இதைவிட நெருக்கமான உதாரணம் ஷூதான். ஆம்பூரின் ஷூ போய்ச் சேரும் நாடுகளிலும் நம்மைப் போலத்தான், விலை குறைவான கடையைத் தேடிப் போகிறார்கள். ஆம்பூர் பக்கத்தில் வீட்டிலிருந்து தைக்கும் பெண்களைப் பற்றி இங்கிலாந்தைச் சேர்ந்த தொண்டு அமைப்புகளும் பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் சேர்ந்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடிக்குக் கிடைத்த கூலி 10 பென்ஸுக்கும் குறைவு. அன்றைய மதிப்பில் பத்து ரூபாய்கூட இல்லை. அந்த ஷூக்கள் அங்கே விற்ற விலை 40 முதல் 100 பவுண்டு. இது மலிவுக் கடை ஷூவே இல்லை என்பதைக் கவனியுங்கள். விலை உயர்ந்தாலும் தைப்பவர் கைக்கு அது வந்து சேரவில்லை. ஆகவே, நாம் கூடக் கொஞ்சம் கொடுத்து வாங்கினால் உழைப்பவருக்குப் போய்ச் சேரும் என்று நம்புவதற்கும் இடமில்லை. கடைக்கும் தையல்காரப் பெண்ணுக்கும் நடுவில் எத்தனை கை, ஒவ்வொரு கையும் எவ்வளவு எடுக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

விலைச் சீட்டில் ஏறாத செலவு இன்னொன்றும் இருக்கிறது. பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, ஆற்றைச் சரிசெய் என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் போனது கிட்டத்தட்ட முப்பது வருடம். அத்தனை வருடமும் தோல் மலிவாக வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. வித்தியாசத்தைக் கிணற்றுத் தண்ணீரில் கட்டினார்கள் ஆற்றோரத்து விவசாயிகள்.

பிரித்து வாங்குகிறவர்கள்

விவரமான வீடுகள் இரண்டில் ஒன்று என்று முடிவு கட்டுவதில்லை. சோப்பு, சலவைத் தூள், பற்பசை மாதிரி கெடாத சாமானை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெரிய கடையில் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். பருப்பு, பாமாயிலை ரேஷனில் முடிந்தவரை. தினப்படிக்கு வேண்டிய எண்ணெய், புளி, மிளகாய், முட்டையைத் தெருக் கடையில். சம்பளம் வந்த அன்று முதல் வேலையாக நோட்டுப் பாக்கியை அடைத்துவிட்டு, மிச்சக் காசோடுதான் வேலூர் பஸ் ஏறுகிறார்கள். கையில் காசிருக்கும் மாதமெல்லாம் வேலூரில் கொட்டிவிட்டு, இல்லாத மாதத்தில் மட்டும் "எழுதிக்கோங்க" என்று வந்தால் எந்தக் கடைக்காரர்தான் நோட்டைத் திறப்பார்? நாம் வாங்கியதை ஒரு சின்ன டைரியிலோ, போனிலோ நாமும் குறித்து வைத்துக்கொண்டால் மாதக் கடைசியில் மனஸ்தாபமும் வராது.

கடைக்காரர்களும் சும்மா இல்லை. பண்டிகை ஆஃபர் ஓடும் நாட்களில் தள்ளுபடிக் கடையின் பில் வரிசையில் கவனித்துப் பாருங்கள். ஒரே பிராண்டு எண்ணெய், ஒரே சலவைத் தூள் என்று வண்டி நிறைய வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். 'ஒரு பில்லுக்கு இத்தனை பாக்கெட்தான்' என்று சில கடைகளில் அட்டை எழுதி வைத்திருப்பது அவர் மாதிரி ஆட்களுக்காகத்தான். அவர் நம் ஊர் மளிகைக் கடைக்காரர். ஏஜென்டிடம் வாங்குவதைவிட இங்கே மலிவு. சாயங்காலத்துக்குள் அந்தப் பாக்கெட் நம் தெரு ரேக்கில் ஏறிவிடும், இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாக, நோட்டில் எழுதிக்கொள்ளும் வசதியோடு.